பதினான்கு கிலோமீட்டருக்கு முந்திய பதினாறு வாரங்கள்
நீரிழிவுடன் வாழ்வோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஒரு நெடுந்தூரப் பாடம்

பௌர்ணமி நெருங்கும் வாரங்களில், எங்கள் நீரிழிவுப் பிரிவிற்கு வருவோர் பலர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த பின், கதவருகே ஒரு கணம் நின்று கேட்பர்: "இந்த முறை மலை சுற்றி வரலாமா, டாக்டர்?" அண்மைக் காலமாக மற்றொரு கேள்வியும் வருகிறது. நாற்பது, ஐம்பது வயதில் ஓடத் தொடங்கி, அரை மாரத்தான் வரை ஓடி முடித்தவர்கள், "அல்ட்ரா மாரத்தான் ஓட வேண்டும் என்று ஆசை. சர்க்கரை தடுக்குமா?" என்று கேட்கின்றனர்.

இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றே. கிரிவலப் பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். மூன்று சுற்று என்பது 42 கிலோமீட்டர். மாரத்தானின் தூரமோ 42.195 கிலோமீட்டர். மூன்றாம் சுற்றை முடித்து இன்னும் இருநூறு மீட்டர் சென்றால் மாரத்தான் முடிந்துவிடும். அதற்கு மேல் வைக்கும் ஒவ்வோர் அடியும் அல்ட்ரா மாரத்தானைச் சேர்ந்தது. வேங்கிக்காலில் வாழும் நமக்கு அந்தத் தூரம் அயல்நாட்டுச் செய்தியன்று. நம் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும் மலையை நான்கு முறை வலம் வருவதே.

எங்கள் விடையையும் முதலிலேயே கூறிவிடுகிறோம். நெடுந்தூரத்தால் வரும் நன்மை அந்த ஒரு நாளில் இல்லை. அதற்கு முந்திய வாரங்களில் இருக்கிறது. ஆபத்தோ பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது. வாரங்களை விட்டுவிட்டு நாளை மட்டும் பிடித்துக்கொள்பவர், நன்மையை விட்டுவிட்டு ஆபத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இப்பாடத்தின் சாரம் இதுவே.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

பலரது அனுபவங்களைச் சேர்த்து நாங்கள் அமைத்த எடுத்துக்காட்டு இது. எந்த ஒரு தனி மனிதரையும் குறிப்பதன்று.

அவருக்கு வயது 51. அலுவலகத்தில் எழுத்தர். பதினோர் ஆண்டுகளாக நீரிழிவு. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ஆகிய மாத்திரைகளைக் காலையும் மாலையும் உட்கொள்பவர். அன்றாட வாழ்வில் இருசக்கர வாகனத்தை விட்டு இறங்குவது அரிது. ஆயினும் மகளின் மேற்படிப்புக்காக வேண்டிக்கொண்டு, ஒரு பௌர்ணமி இரவில் மனைவியுடன் மலை சுற்றப் புறப்பட்டார். அன்று மாலை வழக்கம்போல் மாத்திரையை விழுங்கினார். விரதம் என்பதால் இரவு உணவை விட்டுவிட்டார். வெறுங்காலுடன் நடந்தார்.

குபேர லிங்கத்தைக் கடந்த பின் அவர் நடை தளர்ந்தது. சட்டை நனைய வியர்த்தது. மனைவி தண்ணீர் கொடுத்தபோது காரணமின்றிச் சினந்து பேசினார். களைப்பு என்றே அந்த அம்மையார் எண்ணினார். சாலையோரத்தில் அமர்ந்தவர் எழ முடியாமல் தடுமாறியபோது, தேநீர்க் கடைக்காரர் ஒருவர் சர்க்கரை மிகுதியாகப் போட்ட தேநீரைக் குடிக்கச் செய்தார். சிறிது நேரத்தில் தெளிவு வந்தது. வீடு திரும்பினர்.

கதை அத்துடன் முடியவில்லை. நான்காம் நாள் காலையில் படுக்கை விரிப்பில் ஒரு கறை இருப்பதை மகள் கண்டாள். தந்தையின் வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. நான்கு நாளும் அந்தக் காலுடன்தான் அலுவலகம் சென்று வந்திருக்கிறார். வலி இல்லை, ஆகவே அவருக்குத் தெரியவில்லை. அப்புண் ஆற ஆறு வாரங்கள் பிடித்தன.

இக்கதையில் தூரம் குற்றவாளியன்று. உண்ணாமல் விழுங்கிய மாத்திரை, உணர்வு குன்றிய பாதம், பழக்கப்படாத உடல் ஆகிய மூன்றும் ஒரே இரவில் கூடியதே தவறு.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

ஓய்வாக இருக்கும்போது, குருதியிலுள்ள சர்க்கரை தசைக்குள் நுழைய இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவில் அந்தக் கதவு இறுகிப்போயிருக்கிறது. ஆனால் தசை இயங்கும்போது, இன்சுலினை எதிர்பாராமலேயே வேறொரு வழியாகச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நடை ஒரு மருந்தாவது இதனால்தான். நடந்து முடித்த பின்னும் இன்சுலினுக்கு உடல் நன்கு செவிசாய்க்கும் நிலை ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை நீடிக்கிறது, பின்னர் மங்கிவிடுகிறது. ஆகவேதான், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடற்பயிற்சியை விடக் கூடாது என்றும், வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான பயிற்சி வேண்டும் என்றும் மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. மாதம் ஒருமுறை 14 கிலோமீட்டர் நடப்பவர் இரண்டு நாள் பயனைப் பெற்று, எஞ்சிய நாள்களை வீணாக்குகிறார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. அந்த ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களுள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உள்ளது. அன்றாட நடையின் ஆற்றலுக்கும் நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் எல்லையில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். நடையும் உணவு ஒழுங்கும் மேற்கொண்ட பிரிவினரிடம், நோய் முற்றாக வெளிப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 28 அளவுக்குக் குறைந்தது. அவர்கள் சாதனை எதையும் புரியவில்லை; நாள்தோறும் நடந்தனர், அவ்வளவே.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

நாற்பது வயதைக் கடந்த நீரிழிவுக்காரர் நெடுந்தூரப் பயிற்சி தொடங்குமுன் ஐந்து உறுப்புகளின் இசைவைப் பெற வேண்டும்.

இதயம்: நீரிழிவில் இதயத் தசைக்குக் குருதி குறைந்தாலும் நெஞ்சுவலி தோன்றாமல் போகலாம். ஈ.சி.ஜி. கட்டாயம், டிரெட்மில் சோதனை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

கண்: விழித்திரையில் புதிய, மெல்லிய குருதிக்குழல்கள் முளைத்திருப்பின், கடும் பயிற்சியால் அவை கசியக்கூடும். கண் மருத்துவர் அனுமதிக்கும் வரை ஓடுதலும் பளு தூக்குதலும் கூடா.

சிறுநீரகம்: சிறுநீரில் புரதம், குருதியில் கிரியாட்டினின் ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். நெடுந்தூரம் நடக்கும்போதும் ஓடும்போதும், உடலில் நீர் குறைந்த நிலையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளை உட்கொள்வது சிறுநீரகத்திற்குத் தீங்கு.

நரம்பு: எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறதா? வியர்வை வழக்கத்திற்கு மாறாகக் குறைந்துள்ளதா? அவை உள்ளுறுப்பு நரம்புகள் தளர்ந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம்.

ஐந்தாவது பாதம். அதைத் தனியே பேச வேண்டும்.

வலியற்ற பாதம்

நம் வேங்கிக்கால் வழியே செல்லும் சாலை சேருமிடம் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கைகால்கள் சிதைவதன் காரணத்தை ஆராய்ந்தார். நோய் நேரடியாகச் சதையை அரிப்பதில்லை. உணர்வு அற்றுப்போவதால் சிறு காயங்கள் கவனிக்கப்படாமல் பெருகி உறுப்பை அழிக்கின்றன என்பதை அவரும் அவர் குழுவினரும் நிறுவினர். வலி என்பது உடலின் காவலன் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் கற்பித்த பாடம். உணர்வற்ற பாதங்களுக்காக மென்மையான நுண்துளை இரப்பரில் செய்த செருப்புகளை வேலூரிலும் கரிகிரியிலும் அவர்கள் பழக்கத்திற்குக் கொண்டுவந்தனர். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் நீரிழிவுக்காரருக்கு எழுதிக் கொடுப்பது அந்த வழியில் வந்ததே. பின்னாளில் அமெரிக்காவில் பணியாற்றியபோது, அதே பாடம் நீரிழிவுப் பாதத்திற்கும் பொருந்துவதை அவர் எடுத்துக்காட்டினார்.

பாதத்தின் காவல் உணர்வைச் சோதிக்க ஓர் எளிய கருவி போதும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைக் கண் மூடிய நிலையில் பாதத்தின் சில இடங்களில் தொடுவோம். தொட்டதை உணர முடியாத பாதம், கண்ணாடிச் சில்லையும் வெயிலில் காய்ந்த தாரையும் உணராது. அத்தகையோர் வெறுங்காலுடன் மலை சுற்றக் கூடாது. இதில் எங்களிடம் விதிவிலக்கு இல்லை. தக்க செருப்புடன் படிப்படியாகப் பழகி நடக்கலாம். ஆனால் நீண்ட ஓட்டம் அவர்களுக்கு உகந்ததன்று. புண் இருக்கும் வரை நடைப் பயிற்சியே கூடாது. ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்து, வலி இல்லையெனில், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எலும்பு மூட்டுகள் உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கியதன் அடையாளமாக அது இருக்கலாம்.

உணர்வு நன்றாக உள்ளவரும் காலணியை மாலை வேளையில் வாங்குக. பகல் முழுதும் நடந்த பாதம் சற்றே பருத்திருக்கும். நீண்ட விரலுக்கு முன் கட்டைவிரல் அகல இடம் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். புதிய காலணியுடன் நெடுந்தூரம் செல்லலாகாது.

காலணி அணிந்து வலம் வரலாமா என்பது சமயம் சார்ந்த வினா. அதற்கு விடை கூறும் தகுதி எங்களுக்கு இல்லை. நம் எடுத்துக்காட்டில் வரும் மனைவி கணவரிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறோம்: "நடக்கிறதுக்குத்தானேங்க வேண்டிக்கிட்டீங்க? காலை இழக்கிறதுக்கு இல்லையே."

பதினாறு வாரங்கள்

ஒரு சுற்றை இலக்காகக் கொண்டு, நடையே அறியாதவர்க்காக நாங்கள் வகுத்த ஒழுங்கு இது. தூரத்தைக் கணக்கிடாமல் நேரத்தையே கணக்கிடுகிறோம். வேகத்திற்கு அளவுகோல் பேச்சு: நடந்தவாறே முழு வாக்கியம் பேச இயல வேண்டும்; பாட இயலக் கூடாது.

1 முதல் 4-ஆம் வாரம் வரை: வாரத்தில் 5 நாள். முதல் வாரம் 15 நிமிடம். வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டி, நான்காம் வாரத்தில் 30 நிமிடம். நாள்தோறும் இரவில் பாதங்களைப் பார்க்கும் பழக்கமும் இதே வாரங்களில் வேரூன்ற வேண்டும்.

5 முதல் 8-ஆம் வாரம் வரை: 4 நாள் 30 நிமிடம். ஒரு நாள் மட்டும் நெடுநடை: 45, 60, 75 நிமிடங்கள்; எட்டாம் வாரம் 60 எனக் குறைத்தல். வாரத்தில் 2 நாள் நாற்காலியில் அமர்ந்தெழுதல், குதிகால் உயர்த்துதல் போன்ற தசைப் பயிற்சி 15 நிமிடம்.

9 முதல் 12-ஆம் வாரம் வரை: நெடுநடை 90, 105, 120 நிமிடங்கள், பன்னிரண்டாம் வாரம் 90. இவ்வாரங்களில் வழியில் உண்பதையும் சர்க்கரை பார்ப்பதையும் பழக வேண்டும்.

13 முதல் 16-ஆம் வாரம் வரை: நெடுநடை 140, 165, 190 நிமிடங்கள். பதினாறாம் வாரத்தில் முதல் சில நாள் இலகுவான நடை. வார இறுதியில் முழுச் சுற்று.

முதல் முழுச் சுற்றைப் பௌர்ணமியன்று வைத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண நாளில் விடியலுக்கு முன் தொடங்குக. கூட்டமில்லை, வெயில் ஏறுமுன் பெரும்பகுதி முடியும், இடர் நேர்ந்தால் வாகனம் எளிதில் வந்து சேரும். இடையில் காய்ச்சல், புண், மூட்டு வீக்கம் நேர்ந்தால் அவ்வாரத்தை விட்டுவிட்டு, முந்திய வாரத்திலிருந்து மீண்டும் தொடர்க. பதினாறு வாரம் இருபது வாரமானால் இழப்பு ஒன்றுமில்லை.

மாத்திரை, உணவு, குளுக்கோமீட்டர்

முதலில் தம் மாத்திரையின் இயல்பை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். மெட்ஃபார்மினை மட்டும் உட்கொள்வோர்க்கு நடையினால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கிளைகிளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றை உட்கொள்வோருக்கும் இன்சுலின் போடுவோருக்கும் அந்த ஆபத்து உண்மையானது. டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகையை உட்கொள்வோர், பட்டினியுடனும் நீர் குறைந்த உடலுடனும் நெடுந்தூரம் சென்றால், சர்க்கரை அளவு மிகுதியாகக் காட்டாமலேயே குருதியில் அமிலம் பெருகும் நிலை ஏற்படலாம். ஆகையால் நெடுநடை நாளில் எந்த மருந்தைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்க. தாமாகக் குறைத்தல் வேண்டா. இன்சுலின் போடுவோர் நடைக்கு முன் தொடையில் ஊசி போடுவதைத் தவிர்க்க வேண்டும். இயங்கும் தொடை மருந்தை விரைந்து உறிஞ்சிவிடும்.

தாழ்சர்க்கரை ஆபத்துள்ள மருந்துகளை உட்கொள்வோர், புறப்படுமுன் சர்க்கரை 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து உண்டு, அளவு உயர்ந்த பின்னரே கிளம்ப வேண்டும். 250-க்கு மேல் இருந்து, உடல் சோர்வோ வாந்தியோ இருந்தால் அன்று பயிற்சி கூடாது. முதல் வகை நீரிழிவு உடையோர் கீட்டோன் சோதனையும் செய்ய வேண்டும். முந்திய 24 மணி நேரத்தில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்திருந்தால், அன்று நெடுநடை இல்லை.

வழியில் மணிக்கொருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். எட்டு லிங்கங்களும் ஒரே இடைவெளியில் அமையவில்லை. ஆகவே கடிகாரத்தையே நம்புக. விரலில் வாழைப்பழமோ பிரசாதமோ ஒட்டியிருந்தால் கருவி பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். கையை நீரால் கழுவித் துடைத்த பின்னரே குத்த வேண்டும். ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயிற்சியில் மணிக்கு 30 கிராம் அளவில் மாவுச்சத்து தேவைப்படலாம். சிறிய வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 15 கிராம் உண்டு. எவருக்கு எவ்வளவு என்பதை ஒன்பதாம் வாரம் முதல் எழுதிவரும் குறிப்பேடே சொல்லும்.

சர்க்கரை 70-க்குக் கீழே வந்தால் நடையை நிறுத்துக. வீட்டிலேயே நிறுத்துப் பொட்டலமாக்கிய 15 கிராம் குளுக்கோஸை நீரில் கலந்து அருந்துக. பதினைந்து நிமிடம் அமர்ந்திருந்து மீண்டும் பார்க்க. கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் உட்கொள்வோர்க்கு வீட்டுச் சர்க்கரையும் விரைந்து பயன் தராது; குளுக்கோஸ் மட்டுமே உதவும். தம் மாத்திரைப் பட்டையில் இப்பெயர்கள் உள்ளனவா என்று இன்றே பார்த்துக்கொள்க.

தண்ணீரைத் தாகத்தின் அளவுக்குப் பருகுக. குறைவும் தீது, பல மணி நேரம் வெறும் நீரையே அளவின்றிக் குடித்தால் குருதியில் உப்பு நீர்த்துப்போவதும் தீது.

வீடு திரும்பியதும் பாடம் முடிவதில்லை. தசைகள் இழந்த சர்க்கரையை இரவு முழுதும் திரும்ப ஈர்த்துக்கொள்ளும். ஆகையால் அன்றிரவு உறங்குமுன் ஒருமுறை கட்டாயம் சர்க்கரை பார்க்க வேண்டும்.

நான்காம் சுற்றை எண்ணுவோர்க்கு

உலகின் பழைய அல்ட்ரா மாரத்தான்களுள் ஒன்றான காம்ரேட்ஸ் ஓட்டம் தென்னாப்பிரிக்காவில் 1921-இல் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அதே 1921-இல்தான் கனடாவின் டொராண்டோ நகரில் பேன்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் ஆய்வைத் தொடங்கினர். முதல் வகை நீரிழிவு வந்த சிறார் பட்டினி உணவால் நாளை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. இன்று அதே நோயுடையோர் அத்தகைய ஓட்டங்களை முடிக்கின்றனர்.

நம் மாநிலத்திலும் நாடறிந்த எடுத்துக்காட்டு உண்டு. சென்னை மேயராக இருந்து, 2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், தாம் நீண்ட காலமாக நீரிழிவுடன் வாழ்பவர் என்பதைப் பொதுமேடைகளில் கூறி வருபவர். 2004-இல் சாலை விபத்தில் காலில் கடுங்காயமுற்றவர். ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அரை மாரத்தான்களை ஓடத் தொடங்கி, நூறுக்கு மேல் முடித்திருக்கிறார். அவர் ஓடிய ஒவ்வோர் அரை மாரத்தானுக்கும் பின்னால், எவரும் கணக்கிடாத காலை நேரங்கள் பல இருக்கின்றன என்பதே நாம் கற்க வேண்டியது.

நான்கு சுற்றை எண்ணுவோருக்கு எங்கள் அறிவுரை: ஆண்டுகளால் கணக்கிடுக. ஒரு சுற்றை ஆறு மாதமேனும் இயல்பாகச் செய்துவருக. பின் 21 கிலோமீட்டர். அதற்கடுத்த ஆண்டில் 42. வாரத்தின் மொத்தத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டா. நான்காவது வாரந்தோறும் குறைக்க. போட்டி நாளின் பதற்றத்தில் சர்க்கரை சிறிது நேரம் உயரக்கூடும். அதைக் கண்டு இன்சுலினைக் கூட்டினால் பின்னர் திடீரெனத் தாழும். பயிற்சியில் உண்ணாத உணவையும் அணியாத காலணியையும் அந்நாளில் தொடவே கூடாது. குளுக்கோஸ் பொட்டலத்துடன் உடன்வரும் ஒருவர் இல்லையெனில், அந்த ஓட்டம் இல்லை.

உடன் இருப்போர்க்கு

நெடுந்தூரம் நடப்பவருக்கு வியர்ப்பதும் இதயம் துடிப்பதும் இயல்பு. ஆகவே தாழ்சர்க்கரையின் அந்த அறிகுறிகள் நடையில் மறைந்துவிடுகின்றன. நீங்கள் நோக்க வேண்டியது முகத்தையும் பேச்சையும். பதில் தாமதமாகிறதா? காரணமின்றிச் சினம் வருகிறதா? நேராக நடந்தவர் ஓரமாக ஒதுங்குகிறாரா? "ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னாலும் அமரச் செய்து சர்க்கரை பாருங்கள். கருவி இல்லையெனில் ஐயுறாமல் குளுக்கோஸ் கொடுங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

நாள்தோறும் பாதத்தைப் பார்ப்பதும் இருவர் வேலை. கண்பார்வை மங்கியவராலும் குனிய இயலாதவராலும் தம் உள்ளங்காலைக் காண முடியாது. விரலிடுக்கு, குதிகால், பெருவிரலின் அடி ஆகிய மூன்று இடங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.

மீண்டும் அந்தக் குடும்பம்

புண் ஆறி, செருப்பு வந்து, அவர் தம் முதல் வாரத்தைத் தொடங்கினார். வேங்கிக்கால் தெருக்களில் பதினைந்து நிமிடம், அவ்வளவே. "இதுக்குப் பேர் நடையா?" என்று சிரித்தார். பத்தாம் வாரத்தில் நடுவழியில் சர்க்கரை 74 என்று காட்டியது. அதுவரை எதுவும் தோன்றவில்லை என்றார். அந்த எண்ணைக் குறிப்பேட்டில் கண்ட மருத்துவர், நெடுநடை நாளின் மாலை மாத்திரையைக் குறைத்தார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவும் இறங்கியிருந்தது.

பதினெட்டாம் வாரத்தில், கூட்டமற்ற ஒரு காலையில், செருப்பணிந்த காலுடன் அவரும் மனைவியும் மலையைச் சுற்றி முடித்தனர். வாசலில் அமர்ந்ததும் மகள் முதலில் கேட்டது, "காலைக் காட்டுங்கப்பா" என்பதே. பாதத்தில் ஒன்றும் இல்லை.

நண்பர் ஒருவர் நான்கு சுற்று ஓட்டத்திற்கு அழைத்தபோது, அவர் எங்களிடம் வந்து கேட்டார். பெருவிரல் உணர்வு திரும்பவில்லை; ஆகவே ஓட்டம் வேண்டா என்றோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப நடை இருக்குல்ல, டாக்டர்?" என்றார். இருக்கிறது. அடுத்த நாள் காலையிலும் அது இருந்தது.

தம்மைத்தாமே சோதித்துக்கொள்ள

1. என் மாத்திரைகளுள் சர்க்கரையை ஆபத்தாகத் தாழ்த்தக்கூடியது எது?
2. என் பாதங்களின் உணர்வைக் கடைசியாக இழையால் சோதித்தது எந்த மாதம்?
3. கடந்த வாரத்தில் தொடர்ந்து எத்தனை நாள் நடக்காமல் இருந்தேன்?
4. சர்க்கரை 70-க்குக் கீழே வந்தால் நான் முதலில் எடுப்பது எது? அது இப்போது என் பையில் இருக்கிறதா?
5. என்னுடன் நடப்பவருக்கு இந்நான்கின் விடையும் தெரியுமா?

ஐந்தாம் வினாவிற்கு 'ஆம்' என்று சொல்ல முடியாதவர், இவ்விதழை இன்று இரவே வீட்டிலுள்ள ஒருவருடன் சேர்ந்து மீண்டும் படிக்குமாறு வேண்டுகிறோம். அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுடன் குறிப்பேட்டையும், நடக்கும்போது அணியும் செருப்பையும் மறவாமல் கொண்டுவருக. செருப்பின் அடிப்பாகம் தேய்ந்திருக்கும் விதமே பாதத்தின் நிலையைப் பற்றி எங்களுக்குப் பலவற்றைச் சொல்லும்.